ஒட்டுவதும் கட்டுவதும்



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் தில்லி நகரில் நாங்கள் மூவர் கூடி ஒரு சித்திரக் கண்காட்சி நடத்தினோம். கண்காட்சியின் சிறப்பை எடுத்துரைக்க இன்று வரவில்லை. அதற்கு முந்திய ஏழு மாத காலம், ஒரு மாடி அறையில், ஒன்றோடொன்று சேர மறுத்த பொருள்களோடு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

மூவரும் தமிழர். ஒருவர் காரைக்குடிக்காரர். ஒருவர் கும்பகோணத்து அம்மையார். மூன்றாமவர் கரோல்பாகிலேயே பிறந்து வளர்ந்தவர். சொந்த ஊர் எதுவென்று கேட்டால், திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேள்வி வருமுன் பேச்சை மாற்றிவிடுவார். மூவரும் தத்தம் ஊரை ஏதேனும் ஒரு பொருளின் உருவில் சித்திரத்துக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதே எங்கள் உடன்பாடு. ஊரை வரைவது வேறு; ஊரின் பொருளையே எடுத்து வைப்பது வேறு. சித்திரையில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய அன்று இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

வண்ணத்தோடு துணி, காகிதம், மரம், மண், உலோகம் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் சித்திரத்தை 'மிக்ஸட் மீடியா' என்று சொல்லுகிறார்கள். தமிழில் கலப்புப்பொருட் சித்திரம் எனலாம். இதனினும் நல்ல சொல் நேயர்களிடம் இருந்தால் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம். 1912-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த் துணியொன்றைச் சித்திரத்தில் ஒட்டி, அதைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைப் பொருத்தினார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் பிராக், மரத்தின் வரியோட்டம் அச்சிட்ட சுவர்க் காகிதத்தை வெட்டி ஒட்டினார். நம் நாட்டில் 1963-இல் தில்லி ரவீந்திர பவனத்தில் 'குரூப் 1890' என்னும் குழுவினர் நடத்திய கண்காட்சியில், ஹிம்மத் ஷா தீயில் கருக்கிய காகிதங்களால் ஆன சித்திரங்களை வைத்தார். அக்குழுவில் முன்னின்றவரான ஜெ. சுவாமிநாதன் 1928-இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம்மவர்க்குச் சற்று மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் இந்தக் கலை நமக்குப் புதிதா என்ன? தஞ்சாவூர்ப் பலகைப் படத்தை எண்ணிப் பாருங்கள். அடியில் மரப்பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, மேடான இடங்களுக்கு அதே கலவை இன்னும் கெட்டியாக, அதில் பதித்த கண்ணாடிக் கற்கள், மேலே பொன் தகடு, கடைசியில்தான் வண்ணம். பூஜை அறையில் நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிட்டதனாலோ என்னவோ, அது எத்தனை பொருள்களின் கூட்டு என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

காரைக்குடி நண்பரின் ஆசை சுண்ணாம்பின்மேல் சென்றது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் வழவழப்பும் குளிர்ச்சியும் தெரியும். சலித்த சுண்ணாம்பும், நுண்மணலும், கடுக்காய் ஊறிய நீரும், முட்டையின் வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அந்த முறை. மூன்றடிக்கு நான்கடி ஒட்டுப் பலகையில் அப்படியொரு சுவரைச் சிறிய அளவில் உண்டாக்கி, அதில் தம் வீட்டு முற்றத்தின் நிழலை வரைய வேண்டும் என்று அவர் எண்ணினார். வைகாசி மாதத்தில் பூசினார். நான்காம் நாள் காலையில் பார்த்தால் பலகை முழுவதும், நீர் வற்றிய கண்மாயின் அடிநிலம்போல வெடித்துக் கிடந்தது.

குற்றம் கலவையில் இல்லை. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு கல்லாக மாறுவது. அந்த மாற்றம் நிகழும் வரையில் அதற்கு ஈரம் வேண்டும். தில்லியின் 'லூ' என்னும் அனற்காற்றோ, ஈரத் துணியை அரை மணியில் விறைக்க வைக்கும். சுண்ணாம்பு கல்லாவதற்கு முன்பே அதன் நீரையெல்லாம் காற்று குடித்துவிட்டது.

மறுமுறை ஈரச் சாக்கைப் போர்த்தி, வேளைக்கு மூன்று முறை நீர் தெளித்து, பச்சைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டார். வெடிப்பில்லை. மூன்று வாரம் பெருமையாக இருந்தோம். ஜூன் மாதக் கடைசியில் மழை இறங்கிற்று. ஒருநாள் நள்ளிரவில் மாடியில் தடாலென்று ஓசை கேட்டு, திருடன் என்று எண்ணித் தடியோடு ஓடினோம். சுண்ணாம்புப் பூச்சு முழுவதும் பலகையை விட்டுக் கழன்று தரையில் கிடந்தது. மழைக்காற்றில் மரம் ஊதிற்று. சுண்ணாம்பு ஊத மறுத்தது. இடையில் இருந்த பிடி அறுந்தது. செட்டிநாட்டில் அந்தப் பூச்சு நூறாண்டு நிற்கிறதென்றால், அதற்குப் பின்னால் அசையாத செங்கல் சுவர் நிற்கிறது. நாங்கள் பூச்சை மட்டும் நினைவில் கொண்டுவந்தோம், சுவரை மறந்துவிட்டோம்.

அப்போது நண்பருக்கு லக்னோவில் முன்பு கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்து, சாந்திநிகேதனத்தில் பயின்று, பரோடாவில் ஆசிரியராயிருந்த கே. ஜி. சுப்பிரமணியன், 1963-இல் அந்நகரின் ரவீந்திராலயக் கட்டடத்துச் சுவரில் சுடுமண் துண்டுகளால் ஒரு பெருஞ்சித்திரம் அமைத்தார். தாகூரின் நாடகமொன்றைத் தழுவியது அது. சுடுமண் மழைக்கு ஊதாதே என்று நண்பருக்குப் பொறி தட்டிற்று. மறுநாளே உத்தம் நகரிலுள்ள குயவர் குடியிருப்புக்குச் சென்று, ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் செய்து தரச் சொன்னார். எதற்கென்று அங்கிருந்த பெரியவர் விசாரித்தார். நண்பர் தமக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஓட்டை முதலில் தண்ணீரில் போடுங்கள், பாபுஜி. அதன் தாகம் தீர்ந்த பிறகு சுண்ணாம்பைப் பூசுங்கள். இல்லாவிட்டால் ஓடே உங்கள் சுண்ணாம்பைக் குடித்துவிடும்" என்றார். இரண்டு மாதம் நாங்கள் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பன்னிரண்டு ஓடுகளில் பூசிய சுண்ணாம்பு இன்றுவரை அசையவில்லை. முற்றத்து நிழல் பன்னிரண்டு துண்டாகப் பிரிந்ததில் நண்பருக்கு முதலில் வருத்தம்தான், பிறகு பழகிவிட்டது.

கரோல்பாக் நண்பர் பனையோலையை எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கட்டாக அனுப்பினார். பழைய முறைப்படி மஞ்சள் சேர்த்து வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டோம். அதை வெள்ளைப் பசையால் கித்தான் துணியில் வரிசையாக ஒட்டினார். வெயிற்காலத்தில் ஓலை சுட்ட அப்பளம்போல் சுருண்டு, தன்னோடு அடிப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு எழுந்தது. மழைக்காலத்துக்கென்று மைதாப் பசை காய்ச்சினார். பூஞ்சணம் பூத்தது. புத்தகம் தைப்பவர்கள் செய்வதுபோல் பசையில் மயில்துத்தம் கலந்தார். பூஞ்சணம் நின்றது, ஓலையில் நீலக்கறை படிந்தது. இப்படி ஆடிமாதம் முழுவதும் ஒரு பசையிலிருந்து இன்னொரு பசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அம்மையார், ஓலைச்சுவடியின் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நம்மவர்கள் ஏட்டை எப்போதாவது ஒட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டார். அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. துளையிட்டுக் கயிறு கோத்தார்களேயன்றி எவரும் பசை தடவவில்லை. கயிறு தளர்ந்திருந்ததனால்தான் ஓலை வெயிலில் சுருங்கவும் மழையில் நிமிரவும் இடம் இருந்தது. கறுத்து உலர்ந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி மீண்டும் இளக்கவும் முடிந்தது. நண்பர் அன்றே ஊசியைக் காய்ச்சி ஓலைகளில் துளையிட்டார். கித்தானில் வண்ணம் தீட்டி முடித்து, அதற்கு முன்னால் இரண்டு விரற்கடை இடம் விட்டு, ஓலைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். காற்றடித்தால் அவை மெல்ல ஒலிக்கும். அந்த ஒலியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது அம்மையாரின் சித்திரத்தைப் பற்றி. இதைச் சொல்லும்போது எங்களுள் இருவருக்கு இன்னும் நா எழுவதில்லை.

அவரிடம் இருந்தது அவருடைய தாயாரின் கூறைப்புடவை. ஒன்பது கெஜம்; அரக்கு நிறம்; இரண்டு பக்கமும் அகலமான சரிகைக் கரை. தாயார் காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது. புடவையைச் சித்திரத்தின் நடுவில் வைத்துச் சுற்றிலும் காவிரிப் படித்துறையை வரைய வேண்டும் என்பது அவர் எண்ணம். சுண்ணாம்பு உதிர்ந்தால் வேறு சுண்ணாம்பு வாங்கலாம். ஓலை சுருண்டால் ஊருக்கு எழுதி வரவழைக்கலாம். இந்தப் பொருளுக்கு மாற்று இல்லை. ஆகையால் ரகுவீர் நகர்ப் பழந்துணிச் சந்தையில் பழைய பட்டுத் துண்டுகளை வாங்கி வந்து, முதலில் அவற்றில் சோதனை செய்தார்.

வெள்ளைப் பசை பட்டின் இழைகளில் ஊறி, காய்ந்தபின் தோலைப்போல் விறைத்தது. எண்ணெய் வண்ணம் அருகில் பட்டால் எண்ணெய் மட்டும் தனியே கசிந்து வளையமிட்டது. ஆளிவிதை எண்ணெய் பிராணவாயுவோடு சேர்ந்து இறுகும்போது இழைகளை நாளடைவில் நொறுங்க வைக்கும். இதனாலன்றோ எண்ணெய் வண்ணம் தீட்டுவோர் கித்தானுக்கு முதலில் பசைப்பூச்சுக் கொடுத்து, துணிக்கும் எண்ணெய்க்கும் இடையே ஒரு திரை போடுகிறார்கள். கடைசியில் ரப்பர் கலந்த பசையொன்று கிடைத்தது. அது ஊறவில்லை, விறைக்கவில்லை, கறையும் இல்லை. சோதனைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அம்மையார் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்றார். எங்களுள் மற்ற இருவருந்தாம், காலம் போகிறது, மண்டபத்துக்குப் பணம் கட்டியாயிற்று, பயமென்ன என்று அவசரப்படுத்தினோம். ஆவணி முதல் வாரத்தில் அவர் கத்தரிக்கோலை எடுத்து, தலைப்பிலிருந்து இரண்டு சாண் துண்டை வெட்டி ஒட்டினார்.

ஐப்பசி பிறக்குமுன் சரிகை கறுத்துவிட்டது.

பழைய சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசியது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். முலாம் தேய்ந்த இடங்களிலெல்லாம் கந்தகம் வெள்ளியைப் பற்றிக்கொண்டது. அப்படியானால் சோதனைத் துண்டு ஏன் கறுக்கவில்லை? சந்தையில் வாங்கிய அந்தத் துண்டிலிருந்த சரிகை வெள்ளியே அன்று. பளபளக்கும் பிளாஸ்டிக் இழை. பட்டைச் சோதித்தோம், சரிகையைச் சோதிக்கவில்லை. சோதனை செய்துவிட்டோம் என்ற எண்ணமே எங்களைக் குருடாக்கிற்று.

அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று நாள் மாடிக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் இரவு கும்பகோணத்திலிருக்கும் தம் சித்தியோடு தொலைபேசியில் பேசியிருக்கிறார். "ஏண்டி, புடவையைப் போய் யாராவது ஒட்டுவாளா? உங்கம்மா உனக்குத் தைக்கச் சொல்லித் தரலையா?" என்று கேட்டாராம் சித்தி. வெட்டிய செய்தியைச் சித்தியிடம் சொல்லவில்லை என்று அம்மையார் எங்களிடம் பின்னர் தெரிவித்தார்.

கண்காட்சிக்கு ஐந்து வாரமே இருந்தது. தச்சர் ஒருவரைக் கொண்டு புதிய சட்டம் செய்தோம். ஒன்பது கெஜப் பட்டு மடித்து வைத்தால் கனக்கும். ஆகவே நடுவில் குறுக்குக் கட்டையும், மூலைகளில் ஆப்பும் வைக்கச் சொன்னோம். துணி தொய்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கலாம். கித்தானில் படித்துறையை அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டி, மூன்று வாரம் ஆறவிட்டோம். பிறகு அம்மையார் ஊசியும் பட்டு நூலும் எடுத்து, புடவையைக் கொசுவம் கொசுவமாக மடித்து, தளர்ந்த தையலால் கித்தானில் இணைத்தார். ஊசி இழைகளுக்கு இடையில் புகவேண்டுமே தவிர இழையைத் துளைக்கக் கூடாது. ஒரு நாளில் ஒரு முழம் முடிந்தால் பெரிது. விளக்குப் பிடிப்பது ஒன்றே மற்ற இருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை. அதை மறுபேச்சின்றிச் செய்தோம்.

மண்டபத்தில் இருபத்திரண்டு சித்திரங்கள் வைப்பதாக ஏற்பாடு. பதின்மூன்றைத்தான் வைத்தோம். விலக்கியவற்றுள் ஒன்று உண்மையிலேயே அழகானது. எண்ணெய் வண்ணத்தின்மேல் அவசரத்தில் அக்ரிலிக் பூசியிருந்தோம். எண்ணெய் வண்ணம் மேலே வரலாம். கீழே இருந்தால், அதன் வழவழப்பில் நீர் கலந்த வண்ணம் நிலையாகப் பற்றாது. எண்ணெய் மெல்ல இறுகி அசையும். மேற்பூச்சு சில ஆண்டுகளில் உரிந்து வரும். கண்காட்சிக்கு முன்பே மாடிக்கு வந்து பார்த்த ஒருவர் அதை வாங்க விரும்பி, நாங்கள் மனத்தில் வைத்திருந்ததற்கு மேலாகவே விலை சொன்னார். மண்டப வாடகையின் மிச்சம் இன்னும் கட்டப்படாமல் இருந்தது. எங்களுக்குள் அன்றிரவு வாக்குவாதம் நடந்தது. விஷயத்தைச் சொல்லி விற்கலாமே என்று ஒருவர் கருதினார்; சொன்னாலும் அவர் நம்பமாட்டார், சுவரில் மாட்டிய பிறகு உரியும்போதுதான் நம்புவார் என்று மற்றவர்கள் கூறினோம். சித்திரம் மாடியிலேயே இருக்கிறது. ஓரத்தில் நகம்பட்டால் பூச்சு எழும்பத் தொடங்கிவிட்டது. வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினோம், தையில்தான் அடைத்தோம்.

கண்காட்சி ஆறு நாள் நடந்தது. ஓலைகளின் ஒலியைக் கேட்கக் குழந்தைகள் வாயால் ஊதி ஊதிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு ஓடுகளைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தும் நம்மவர்கள் தொட்டார்கள், காரைக்குடிக்காரர் தடுக்கவில்லை. புடவையின் முன்னால் வயதான பெண்மணிகள் சிலர் நெடுநேரம் நின்றார்கள். ஒருவர் கரையைப் பார்த்து, எந்த ஊர்த் தறி என்று சொல்ல முயன்றார். கொசுவம் இடப்பக்கம் விழுந்திருப்பது தவறு என்றார் இன்னொருவர். அதைப்பற்றி அவர்களுக்குள் சிறிய விவாதமே நடந்தது.

ஐந்தாம் நாள் அந்தச் சித்திரத்துக்கு விலை கேட்டு இருவர் வந்தார்கள். அம்மையார் கைகூப்பி, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

கண்காட்சி முடிந்த மறுநாள், மாடியில் பாயை விரித்து உட்கார்ந்து, சிறு கத்தரியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்து முடிக்க இரண்டு பகல் ஆயிற்று. புடவையை உதறி, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பில் மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றினார். கறுத்துப்போன இரண்டு சாண் துண்டைத் தனியே இன்னொரு துணியில் சுற்றி வைத்தார். கித்தான் எங்கள் மாடியில் இருக்கிறது. படித்துறை முழுவதும் ஊசி சென்ற துளைகள். காலை வெயில் பின்னாலிருந்து படும்போது அவை தெரியும்.